மைல்கல், கைகாட்டி, கொஞ்சம் கோவளம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதனால ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டு இருந்த ஒரு மேட்டரை இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். மேட்டர் பெருசா ஒண்ணும் இல்லை மக்களே. ரோட்டோரம் நிக்கிற கல்லு. அதாங்க, மைல்கல். தலையில மஞ்சளோ பச்சையோ அடிச்சு, உடம்புல ஊர்ப் பேரும் நம்பரும் எழுதி, பாதி மண்ணுல புதைஞ்சு, பக்கத்துல ஆடு கட்டியிருக்குமே, அதேதான்.

'இதுக்கெல்லாம் ஒரு பதிவா'ன்னு ஓட்டம் பிடிக்கப் பார்க்குறவங்க கொஞ்சம் பொறுங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில நாலு பேர் பைக்ல போனா மூணு பேர் கடலைப் பார்ப்பாங்க. நாலாவது ஆள் கல்லைப் பார்ப்பான். அந்த நாலாவது ஆள் அடியேன். கோவளத்துக்காரனுக்குக் கடல் தினமும் கிடைக்கும், கல்லுதான் கிலோமீட்டருக்கு ஒண்ணு.

எழுத ஆரம்பிச்சதுக்கு உடனடிக் காரணம் ஸ்காட்லாந்து. போன வாரம் ராத்திரி தூக்கம் வராம நெட்ல மேய்ஞ்சப்போ, அந்த ஊர்க் கிராமத்துச் சாலைகள்ல இருக்கிற பழைய வார்ப்பிரும்புக் கைகாட்டிகளோட படங்கள் கண்ணுல பட்டுது. ஒரு கம்பம். அதுல கை நீட்டின மாதிரி ரெண்டு மூணு பலகை. ஊர்ப் பேர், எத்தனை மைல். அவ்வளவுதான். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுலயும் 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துலயும் வார்த்து நட்டது. இன்னைக்கும் அதுக்குப் பெயின்ட் அடிச்சுப் பாதுகாக்க உள்ளூர்க்காரங்க மெனக்கெடுறாங்க.

எனக்குப் பிடிச்சது அதுல இருந்த ஒரு சின்ன எஞ்சினியரிங். எழுத்தைப் பெயின்ட்ல எழுதலை, அச்சுலயே புடைப்பா வார்த்திருக்காங்க. 50 வருஷம் கழிச்சு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தாலும், மேடா இருக்கிற இடத்துல கறுப்பு, மத்த இடத்துல வெள்ளைன்னு அடிச்சுட்டுப் போயிடலாம். எழுத்துப் பிழை வரவே வராது. நம்ம ஊர்ல ஒவ்வொரு தடவை வெள்ளை அடிக்கும்போதும் எழுத்தைப் புதுசா எழுதணும். எழுதுறவர் கைக்கும் மனசுக்கும் ஏத்த மாதிரி எங்க ஊர் சில வருஷம் 'கோவளம்', சில வருஷம் 'கோவலம்'. சிலப்பதிகாரத்துக் கோவலன் நடந்து வந்த ஊர்னு யாராவது ஸ்தல புராணம் கிளப்பாத வரைக்கும் சரி.

அந்தக் கைகாட்டிகளுக்கும் ஒரு சோகக் கதை உண்டு. 1940ல ஜெர்மன் படை எந்த நேரமும் பாராசூட்ல வந்து குதிக்கும்னு பிரிட்டன் பயந்து கிடந்துச்சு. குதிச்சவனுக்கு வழி தெரியக் கூடாதுன்னு நாடு முழுக்கக் கைகாட்டிகளைப் பிடுங்கச் சொல்லிட்டாங்க. மைல்கற்கள்ல இருந்த ஊர்ப் பேரையும் அழிச்சாங்க, சிலதைப் புதைச்சாங்க. ஜெர்மன்காரன் வரலை. சண்டை முடிஞ்சப்புறம் எடுத்து வெச்சதுல எல்லாமே திரும்பவும் நடப்படவும் இல்லை. எதிரிக்கு வழி தெரியக் கூடாதுன்னு சொந்த ஊர்க்காரன் பல மாசம் வழி தெரியாம அலைஞ்சிருக்கான்.

சரி, ஸ்காட்லாந்தை அங்கேயே விட்டுட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

கைகாட்டி நம்மகிட்டயும் உண்டு

கைகாட்டிங்கிற வார்த்தையைக் கேட்டா இப்போ ரயில்வே சிக்னல்தான் ஞாபகம் வரும். ஆனா ரோட்டுக் கைகாட்டி பல இடத்துல ஊர்ப் பேராவே உட்கார்ந்துடுச்சு. ஊட்டியில ஃபிங்கர்போஸ்ட்னே ஒரு ஏரியா இருக்கு, பஸ்ல ஏறி 'ஒரு ஃபிங்கர்போஸ்ட்'னு டிக்கெட் கேட்கலாம். அவிநாசி பக்கம் கைகாட்டிப்புதூர். கேரளாவுல நெல்லியாம்பதி மலை ஏறினா கைகாட்டின்னு ஒரு கூட்ரோடு. ஏதோ ஒரு காலத்துல வழி சொல்ல ஒரு கம்பம் கையை நீட்டிக்கிட்டு நின்னிருக்கணும். அப்புறம் அந்தக் கையே ஊராயிடுச்சு.

மைலும் ஊராயிருக்கு. தூத்துக்குடியில மூணாவது மைல்னா எல்லாருக்கும் தெரியும். இலங்கைத் தமிழர்கிட்ட மைல்கல்லுக்குப் பேர் 'கட்டை'. மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டைன்னு இடத்துக்குப் பேர் சொல்லுவாங்க. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரும் அப்படித்தான், பத்தாங்கட்டைன்னா அந்த மைலைச் சுத்தி இருக்கிற ஏரியா. மலாய்க்காரங்களும் அதே வேலையைப் பண்ணியிருக்காங்க. 'பத்து'ன்னா மலாய்ல கல்லு. அதுவே மைலுக்கும் பேர். பத்து தீகான்னா மூணாவது கல். நம்ம காதுக்குப் 'பத்து'ன்னு கேட்கும், ஆனா எண்ணிக்கை மூணு. முதல் தடவை அங்க போற தமிழனுக்குத் தலை சுத்தும்.

மைல்ங்கிற வார்த்தையே லத்தீன்ல ஆயிரம்ங்கிறதுலேர்ந்து வந்தது. ரோமானியச் சிப்பாய் ரெண்டு காலும் எடுத்து வெச்சா ஒரு கணக்கு, அப்படி ஆயிரம் வெச்சா ஒரு மைல். அவங்க சாலையோரம் கல்லு நட்டுக்கிட்டே போனாங்க. நாம அப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு கேட்பீங்க. நமக்குக் காதம் இருந்துச்சு.

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஒரு கல்

தருமபுரிப் பக்கம் கிடைச்ச ஒரு கல்லைப் பத்தி இங்க சொல்லியே ஆகணும். 13ஆம் நூற்றாண்டுக் கல். அதியமான் பெருவழி, நாவற்தாவளத்துக்கு 29 காதம்னு அதுல வெட்டியிருக்கு. பெருவழின்னா அந்தக் கால ஹைவே. தாவளம்னா வணிகச் சாத்துகள் தங்குற இடம். இது வரைக்கும் சாதாரண மைல்கல் சமாச்சாரம்தான். ஆனா அந்த எழுத்துக்குக் கீழே குழி குழியா வெட்டியிருக்காங்க. ரெண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெருசு ஒண்ணு பத்து, சின்னது ஒண்ணு ஒண்ணு. ரெண்டு பத்தும் ஒன்பது ஒண்ணும், ஆக 29.

மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவனுக்குப் படிக்கத் தெரியாம இருக்கலாம். விரலை வெச்சுத் தடவிப் பார்த்தாப் போதும். ராத்திரி இருட்டுல கூடப் படிக்கலாம். யூசர் இன்டர்ஃபேஸ், ஆக்சஸிபிலிட்டின்னு நாங்க வாரத்துக்கு ரெண்டு மீட்டிங் போட்டு, ஸ்லைடு ஓட்டி, கடைசியில அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்னு தள்ளி வைக்கிற விஷயத்தை, 700 வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்தச்சன் உளியை வெச்சு முடிச்சுட்டுப் போயிருக்கான்.

எனக்கு இந்தக் கல் பிடிக்குறதுக்கு இன்னொரு காரணம் எங்க ஆயா. (அம்மாவோட அம்மா. எங்க பக்கம் பாட்டின்னு சொல்ல மாட்டோம், ஆயாதான்.) ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கோவளத்துலேர்ந்து கருவாட்டுக் கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு உப்பளம் தாண்டிக் கேளம்பாக்கம் வரைக்கும் நடந்து போய் வித்துட்டு வருவாங்களாம். கல்லுல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா எந்தக் கல்லுகிட்ட மர நிழல் இருக்கு, எந்தக் கல்லுகிட்ட கூடையை இறக்கினா தூக்கிவிட ஆள் கிடைக்கும்னு தெரியும். "நம்பர எவன் பாத்தான், மூணு கல்லு தாண்டுனா மோரு குடிக்கலாம்"னு சொல்லுவாங்க.

கூடையை இறக்குறதுன்னதும் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வருது. ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டு, நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். தலைச்சுமையைக் குனியாம அப்படியே அதுல தள்ளி வெச்சுட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தூக்கவும் யார் உதவியும் வேண்டாம். வயித்துல பிள்ளையோட இறந்து போன பொண்ணுங்க ஞாபகமாத்தான் பெரும்பாலும் அதை நடுவாங்க. இறக்க முடியாத சுமையோட போனவளுக்காக, மத்தவங்க சுமையை இறக்க ஒரு கல். வெள்ளைக்காரன் வார்ப்பிரும்புக் கைகாட்டிக்குச் சங்கம் வெச்சுப் பெயின்ட் அடிக்கிறான். நம்ம சுமைதாங்கிகள் பலது இப்போ டீக்கடை பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கு.

நம்ம ஏரியாவும் ஒரு இரும்புச் சங்கிலியும்

தூரத்தைக் கல்லுல எழுதுறதுக்கு முன்னாடி யாராவது அளந்தாகணும் இல்லையா. அந்த விஷயத்துல தென்சென்னைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்ப்டன்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவுல 100 அடிச் சங்கிலியை வெச்சுத் தரையை அளக்க ஆரம்பிச்சார். சுத்துபட்டுல சமதளமா ஒரு நேர்கோடு கிடைச்சது அங்கதான். வெயில்ல சங்கிலி நீளும், குளிர்ல சுருங்கும், அதுக்கும் கணக்குப் போட்டுக்கிட்டே போனாங்க. மொத்தம் ஏழரை மைல். எடுத்துக்கிட்டது 57 நாள். இன்னைக்கு அந்த ஏழரை மைலைத் தாண்ட, மேடவாக்கம் சிக்னலோட மூடைப் பொறுத்து 57 நிமிஷம் ஆகலாம்.

அந்த ஒரு கோட்டை அடிப்படையா வெச்சு முக்கோணம் மேல முக்கோணமாக் கட்டித்தான் இந்தியா முழுக்க அளந்தாங்க. அதோட வால் இமயமலை வரைக்கும் நீண்டு, எவரெஸ்ட்தான் உலகத்துலயே உசரம்னு கணக்கு வந்துச்சு. அந்தக் கணக்கைப் போட்டவர் கொல்கத்தாவோட ராதாநாத் சிக்தார். எவரெஸ்ட்டோட உயரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது பெரும்பாக்கம் ஏரியா! ஃபிளாட் விக்கிற விளம்பரத்துல மட்டும் ஏன் இதைப் போட மாட்டேங்கிறாங்கன்னு தெரியலை. பரங்கிமலை மேல லாம்ப்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கு. சர்ச்சுக்குப் போறவங்க எட்டிப் பார்த்துட்டு வாங்க.

இரும்பு வார்க்குறதை விட்டுட்டு நம்ம ஊர்ல ஏன் கல்லையே நட்டாங்கங்கிறதுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமா? கொல்கத்தாவை நிறுவினதாச் சொல்லப்படுற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லே இங்கிருந்து போனதுதான். அந்தக் கல்லறையை வெச்சுத்தான் இந்தப் பாறை வகைக்கே சார்னோக்கைட்னு பேர். போதாக்குறைக்கு எங்க ஊர் உப்புக் காத்து வேற. புது பைக் சங்கிலியே துருப்பிடிச்சுப் போற இடத்துல இரும்புக் கைகாட்டியை நட்டா, கை மட்டும் கீழே விழுந்து கிடக்கும்.

கல்லுல எழுதினா நிக்குமா?

நிக்காதுங்கிறதுதான் தமாஷ். மைல்கல்லுங்கிறது நம்ம ஊர்ல அடிக்கடி ரீரிலீஸ் ஆகுற ஒரு சாஃப்ட்வேர்.

1956ல மெட்ரிக் சட்டம் வந்துச்சு. அப்புறம் மைல் போய்க் கிலோமீட்டர் வந்துச்சு. ஒரு மைலுக்கு எட்டு ஃபர்லாங்னு இருந்த கணக்கு மாறி, ரெண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 2, 4, 6, 8ன்னு எழுதின குட்டிக் கல் வந்துச்சு. அதாவது 200 மீட்டருக்கு ஒண்ணு. அஞ்சாவது கிலோமீட்டர் கல் மத்ததை விடப் பெருசா இருக்கும், அதுல ஊர்ப் பேரும் கூடுதலா இருக்கும். இந்தக் குட்டிக் கல்லை ஞாபகம் வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல வேலைக்கு வரும்.

தலையில அடிக்கிற கலருக்கும் அர்த்தம் உண்டு. மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை. பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தா மாவட்ட, நகரச் சாலைகள். ஆரஞ்சுன்னா கிராமச் சாலை. தாம்பரம் வழியாப் போற ஜிஎஸ்டி ரோடு எங்க அப்பா காலம் முழுக்க என்எச் 45. 2010ல நம்பரையெல்லாம் மாத்தினதுல சென்னையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் அது 32 ஆயிடுச்சு. அப்பா லாரி டிரைவர். இன்னும் '45ல ஏறி'ன்னுதான் சொல்லுவார். கல்லுல 32ன்னு எழுதிட்டாங்கப்பான்னா, "ரோடு அதே ரோடுதானடா"ன்னு பதில் வரும்.

ஊர்ப் பேரும் அப்படித்தான். மெட்ராஸ் 1996ல சென்னை. பாண்டிச்சேரி 2006ல புதுச்சேரி. 2020 ஜூன்ல தமிழ்நாட்டுல ஆயிரத்துச் சொச்சம் ஊர்களோட ஆங்கில எழுத்துக் கூட்டலை மாத்தி ஒரு அரசாணை வந்து, சில நாள்லயே வாபஸும் ஆச்சு. எங்க ஊர் பழைய இங்கிலீஷ் மேப்புல கோவ்லாங். கூகுள்ல கோவளம்னு தேடினா கேரளா ரிசார்ட்டைக் காட்டும். போதாததுக்குக் கன்னியாகுமரிகிட்டயும் ஒரு கோவளம். நல்ல வேளையா அலைச்சறுக்கு விளையாட வர்ற பசங்க கோவ்லாங்ங்கிற பேரை மறுபடியும் பிரபலமாக்கிட்டாங்க.

எங்க ஊர்ல ஒரு கோட்டையும் இருந்துச்சு. நவாப் காலத்துக் கோட்டை. பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய், 1752ல ராபர்ட் கிளைவ் பிடிச்சு இடிச்சுத் தள்ளினார். அந்த இடத்துல இப்போ நட்சத்திர ஹோட்டல். ஊரைக் காக்கக் கட்டினது போயிடுச்சு, ஊருக்கு வழி காட்ட நட்டது நிக்குதுன்னு எழுதத்தான் ஆசை. ஆனா அதுவும் நிக்கலைங்கிறதாலதான் இந்தப் பதிவே.

2017 மார்ச் மாசம் நடந்ததையும் மறந்திருக்க மாட்டீங்க. வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலைக் கற்கள்ல ஆங்கில எழுத்தை அழிச்சுட்டு இந்தியில எழுதினதும் ஸ்டாலின், வைகோன்னு தலைவர்கள் கண்டனம் தெரிவிச்சாங்க. 'ஒரு கல்லுக்கா இவ்வளவு'ன்னு வடக்கத்தி நண்பன் ஒருத்தன் ஆபீஸ்ல கேட்டான். கல்லுக்கு இல்லைடா, அந்தக் கல் யாரைப் பார்த்துப் பேசுதுங்கிறதுக்குன்னு சொன்னேன். வழி தெரிஞ்சவனுக்குக் கல் தேவையே இல்லை. தெரியாதவனுக்குத்தான் நடுறோம். அவனுக்குப் புரியலைன்னா அது வெறும் கல்லு, ஆடு கட்டலாம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்

இவ்வளவு ஜல்லி அடிச்சதுக்கு உண்மையான காரணம் 2015.

அப்போ நான் எஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம். வண்டலூர் பக்கம் ஒரு காலேஜ், ஹாஸ்டல் வாசம். டிசம்பர் 1ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பெய்ஞ்ச மழையைத் தென்சென்னைக்காரங்க யாரும் ஆயுசுக்கும் மறக்க முடியாது. தாம்பரத்துல மட்டும் 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர். ராத்திரியோட ராத்திரியா ஹாஸ்டல் தரைத்தளத்துல தண்ணி. கரன்ட் இல்லை. போன்ல டவர் இல்லை. முடிச்சூர் முழுகிடுச்சு, பெருங்களத்தூர் முழுகிடுச்சு, ட்ரெயின் இல்லைன்னு ஆளாளுக்கு ஒரு தகவல். எங்க வீடு கடல்கிட்ட. வீட்டுல என்ன நிலைமைன்னு எனக்குத் தெரியாது, நான் இருக்கேனா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பிட்டேன். ரூம்மேட்டும் கூட வந்தான். அவன் திருநெல்வேலிக்காரன், ஊருக்குப் போக வண்டி கிடையாது, எங்க வீட்டுக்கு வாடான்னு இழுத்துக்கிட்டு வந்தேன். வண்டலூர்லேர்ந்து கேளம்பாக்கம் சுமார் 18 கிலோமீட்டர். நடந்துடலாம்னுதான் ஆரம்பிச்சோம்.

கொளப்பாக்கம் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டே நடந்தோம். கண்டிகை தாண்டினதும் பேச்சு நின்னு போச்சு. ஒரு இடத்துல ரோடே இல்லை. இந்தப் பக்கம் ஏரி வழிஞ்சு அந்தப் பக்கம் வயல்ல இறங்குது. எல்லாம் ஒரே செம்மண் கலர். முட்டிக்கு மேல தண்ணி, காலை இழுக்குது. ரோட்டோட விளிம்பு எங்க, பள்ளம் எங்கன்னு தெரியலை. திருநெல்வேலிக்காரன் தாமிரபரணியில நீச்சல் அடிச்சவன், அவனே நின்னுட்டான். "லேய், இது ஓடுத தண்ணில. கால வச்சா கூட்டிட்டுப் போயிரும்."

அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, கையில ஒரு கொம்போட வந்தார். எங்களைப் பார்த்துட்டு நின்னார்.

"எங்கப்பா போணும்?"

"கோவளங்க."

"படிக்கிற பசங்களா? தோ பாரு, அங்க பச்சையா ஒண்ணு தலைய நீட்டுது பாரு. அது கல்லு. அதுக்கு இந்தாண்ட ரோடு. அதுக்கு அந்தாண்ட கால வச்சே, அவ்ளோதான். கல்லுக்குக் கல்லு பாத்துப் போ. நடுவுல சின்னக் கல்லு வரும், தண்ணிக்குள்ள இருக்கும், கால்ல தட்டும். தட்டுனா சரியாப் போறேன்னு அர்த்தம்."

கையில இருந்த கொம்பையும் எங்ககிட்ட கொடுத்துட்டுப் போயிட்டார். பேர் கூடக் கேட்டுக்கலை.

அப்படியேதான் போனோம். ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு, கொம்பால தட்டித் தட்டி. பச்சைத் தலை தெரியுற கிலோமீட்டர் கல்லைக் குறி வெச்சு நடக்குறது. நடுவுல முழுகிக் கிடக்குற குட்டிக் கல்லுல கொம்பு 'டொக்'குன்னு இடிக்கும். 200 மீட்டர். அடுத்த டொக், இன்னொரு 200. எத்தனை டொக் எண்ணினேன்னு இப்போ ஞாபகம் இல்லை. ஒவ்வொரு டொக்குக்கும் திருநெல்வேலிக்காரன் 'முருகா'ன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. அதியமான் கல்லோட குழியை இருட்டுல தடவின வண்டிக்காரனை நான் நேர்ல பார்த்ததில்லை. ஆனா அன்னைக்கு அவன் என்ன பண்ணியிருப்பான்னு தெரிஞ்சுது.

மாம்பாக்கம் கிட்ட ஒரு டிராக்டர்காரர் ஏத்திக்கிட்டார். கேளம்பாக்கத்துல இறங்கி மறுபடி நடை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்போ இருட்டிடுச்சு. அம்மா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. தலையைத் துவட்டிவிட்டு ரெண்டு பேருக்கும் தட்டுல சோத்தைப் போட்டாங்க. அப்பா மட்டும் எப்படிடா வந்தீங்கன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "கல்லு பொய் சொல்லாது. மனுசன்தான் தோ பக்கத்துலன்னு சொல்லுவான்"னார். அவருடைய 30 வருஷ லாரி அனுபவத்தோட சாரம் அது.

இப்போ

அந்த ரோட்டுல இப்போவும் அடிக்கடி போறேன். நல்லா அகலமாயிடுச்சு, நடுவுல தடுப்பு, தலைக்கு மேல பெரிய பெரிய ஒளிரும் பலகை. ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகுது, நானும் ஆபீஸுக்குச் சீக்கிரம் போறேன். அகலப்படுத்தினது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நாங்க தட்டித் தட்டி வந்த குட்டிக் கல்லுல ஒண்ணைக் கூடக் காணோம். எடுத்து வேற இடத்துல நட்டாங்களா, ஜல்லியோட ஜல்லியாப் போச்சான்னு யாரைக் கேட்கிறது? தப்பிச்ச கல்லுகளுக்கும் வேற ஆபத்து. ரோட்டைச் சுரண்டாம மேல மேலயே தார் போடுறதால ரோடு உசந்துக்கிட்டே போகுது, கல் இறங்கிக்கிட்டே போகுது. கோவளம் பக்கம் ஒரு கல்லுக்குக் கழுத்து வரைக்கும் மண் வந்துடுச்சு. ஊர்ப் பேர் உள்ளே போயிடுச்சு, வெறும் தலை மட்டும் பச்சையா நிக்குது.

'கையில போன் இருக்கு, மேப் இருக்கு, எதுக்குப்பா கல்லு'ன்னு கேட்பீங்க. நானே பொழைப்புக்கு அந்த மாதிரி ஆப் எழுதுற ஆள்தான், மேப்பைக் குறை சொன்னா சோத்துல மண்ணு. ஆனா தொழில் தெரிஞ்சதாலயே சொல்றேன். எந்த ஒரு சிஸ்டத்துக்கும் ஒரு ஃபால்பேக் வேணும். கரன்ட் இல்லாம, டவர் இல்லாம, சார்ஜ் இல்லாம, பாஸ்வேர்டு கேட்காம வேலை செய்யுற ஒண்ணு. ரோட்டுக்கு அது கல்லுதான். 2015லயும் போன் எல்லார் கையிலயும் இருந்துச்சு. டவர்தான் இல்லை.

ஸ்காட்லாந்துக்காரன் மாதிரி நாமளும் எல்லாக் கல்லையும் காப்பாத்தணும்னு கொடி பிடிக்கச் சொல்லலை. ரெண்டே ரெண்டு விஷயம். ரோடு போடுறவங்க டெண்டர்ல விளக்குக் கம்பத்துக்கு இடம் ஒதுக்குற மாதிரி அந்தக் குட்டிக் கல்லுக்கும் இடம் ஒதுக்கட்டும். தண்ணி தேங்குற இடத்துலயாவது திரும்ப நடட்டும். பழைய மைல் கல்லோ, சுமைதாங்கியோ குறுக்கே வந்தா, ஜேசிபி தூக்குறதுக்கு முன்னாடி ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலுக்காவது நகர்த்தி வைக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பசங்க பத்தையும் பத்தையும் ஒன்பதையும் கூட்டிப் பார்க்க உதவும்.

இன்னொண்ணு நம்ம கையில இருக்கு. உங்க ஊர்க் கல்லை ஒரு போட்டோ எடுத்து, அது எங்க நிக்குது, அதைச் சுத்தி ஊர்ல என்ன கதை இருக்குன்னு நாலு வரி எழுதி வைங்க. நாலாவது மைல், ஆறாங்கட்டை, கைகாட்டி, கூட்ரோடுன்னு ஏதாவது பேர் இருந்தா அது எப்படி வந்துச்சுன்னு வீட்டுப் பெருசுங்ககிட்ட கேட்டு எழுதுங்க. எங்க ஆயா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. மோர் குடிச்ச அந்த மூணாவது கல் எதுன்னு காட்ட இப்போ வீட்டுல யாருக்கும் தெரியாது.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை கோவளத்துக்குக் கல் பார்க்கக் கிளம்புற புண்ணியவான்களுக்கு: கேரளாவுக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. கேளம்பாக்கம் கூட்ரோட்டுல கிழக்கால திரும்பணும். மீன் வாங்குறதா இருந்தா காலையிலயே வந்துடுங்க.